சீராய் வந்த ஐஸ் பெட்டி

சரவணம்பட்டி
10.6.2024

அன்புத் தங்கச்சி அன்புக்கரசிக்கு,

அண்ணன் வேலுமணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். அவளுடைய முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. மாப்பிள்ளை, அத்தை, சஷ்மிதாக் குட்டி எல்லோரும் நலந்தானே? உனக்கு அந்த ஒற்றைத் தலைவலி குறைந்திருக்கிறதா?

போனில் கூப்பிட்டால் "சரிங்ண்ணா, வெச்சறட்டுங்களா" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது உங்கள் வீட்டுச் சட்டமாமே. அதனால் நீ சொன்னபடி பால்வாடி டீச்சர் விலாசத்துக்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் கல்யாணச் சீரில் அப்பா கொடுத்த பழைய ஃபிரிட்ஜ் இன்னும் உங்கள் ஆசாரக் கூடத்தில்தானே நிற்கிறது? அப்பா கார் ஓட்டிய மில் முதலாளி பங்களாவைக் காலி செய்தபோது அவருக்குக் கொடுத்தது. அப்போதே அதற்கு வயது ஐம்பதுக்கு மேல். உன் மாமியார் கல்யாணப் பந்தியில் வைத்து, "ஏனுங்க சம்பந்தி, பொண்ணுக்கு முன்னாடி பொறந்ததையெல்லாம் சீருக்கு வெச்சிருக்கறீங்க" என்று கேட்டாரே, அதே ஃபிரிட்ஜ்தான். அப்பா அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

இப்போது அந்த மாதிரி சாமான்தான் என் பிழைப்பு. பழையதைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு ஓட்டல்களுக்கும் காபிக் கடைகளுக்கும் கொடுக்கிறேன். உக்கடத்தில் கலீல் ரஹ்மான் பாய் இருக்கிறார். செத்த ஃபிரிட்ஜையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார். உன்னுடையதைக் கொடு கண்ணு. ஓட வைத்து, புதுப் பெயிண்ட் அடித்து, ஒரு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். உன் மாமியார் அதில் வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசட்டும்.

உடனே பதில் போடு.

அன்பு அண்ணன்,
வேலுமணி


செங்காட்டுப்புதூர்
19.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சஷ்மிதா ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், என் தோள் உயரம் இருக்கிறாள். அண்ணிக்கு நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

ஃபிரிட்ஜ் ஆசாரத்தில்தான் நிற்கிறது. நின்றுபோய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே வெங்காய விதையும் உங்கள் மாப்பிள்ளையின் கரண்ட் பில்லும் குளுகுளுவென்று இருக்கின்றன. எடுத்துப் போய்ச் சரிசெய்யுங்கள் அண்ணா, எனக்குச் சம்மதம். அது ஓடினால் அப்பாவுக்கு விழுந்த பேச்சு கொஞ்சம் கழியும்.

ஆனால் நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். இந்தப் பக்கம் சீர்ச் சாமான் வாசலைத் தாண்டிப் பிறந்த வீட்டுப் பக்கம் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான், உறவைத் தீர்த்துவிட்டாயிற்று என்று. போன வருஷம் கீழ்த்தோட்டத்து மருமகளின் பீரோ வண்டி ஏறியது. அடுத்த வாரம் அவளும் ஏறினாள். அதனால் நீங்களே நேரில் வர வேண்டும். தேங்காய், பழம், வெற்றிலையோடு தட்டு கொண்டுவந்து அத்தையிடம் கொடுங்கள். ஒரு குடமோ குத்துவிளக்கோ ஏதாவது ஒன்றை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு ஃபிரிட்ஜை வெளியே எடுங்கள். "சரி பண்ணிக் கொண்டாந்து தர்றனுங்க" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் மாப்பிள்ளையின் வெள்ளகோவில் அத்தை மகள் கணவனோடு உறவைத் தீர்த்துக்கொண்டு வந்து தனியாக இருக்கிறாள். முதலில் அவளைத்தான் அவருக்குப் பேசியிருந்தார்கள். என் மாமியார் இப்போது அடிக்கடி வெள்ளகோவில் போய் வருகிறார். என்னை அனுப்பினால் தனியாகத்தான் அனுப்புவார்கள். "புள்ள எங்க ஊட்டுப் புள்ள" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். சஷ்மிதா இல்லாமல் நான் எங்கே போவேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
அன்புக்கரசி


சரவணம்பட்டி
8.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் அண்ணி நொச்சி ஒத்தடம் கொடுத்தாள், கொஞ்சம் தேவலை. அங்கே எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

ஃபிரிட்ஜ் பத்திரமாக வந்து சேர்ந்தது. நானே வரலாம் என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ஆர்.எஸ்.புரத்து ஓட்டல்காரர் திடீரென்று கூப்பிட்டுவிட்டார். பெரிய இடம், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதனால் குட்டி யானை வண்டியோடு என்னிடம் வேலை பார்க்கிற ஜெரோமையும் இன்னும் இரண்டு பேரையும் அனுப்பினேன். தட்டு வாங்கிக்கொண்டு போகச் சொல்லித்தான் இருந்தேன், வழியில் மறந்துவிட்டானாம். போகட்டும், நம் வீட்டுக்குள் என்ன சம்பிரதாயம்.

ஃபிரிட்ஜை மட்டும் படுக்க வைக்கக் கூடாது என்று கலீல் பாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "படுக்கப் போட்டா கம்ப்ரஸர் ஆயில் பைப்புல ஏறிக்குங்க, அப்பறம் ஜென்மத்துக்கும் ஓடாதுங்க" என்றார். அதனால் நிற்க வைத்தே நாலு பக்கமும் கயிறு கட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான் ஜெரோம். உங்கள் ஊரில் அமாவாசை என்று கோயிலுக்குப் போய் வந்த கூட்டமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்ததாம். பார்க்காதா பின்னே, அது என்ன லேசான சாமானா?

பாய் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கீலைத் தடவிக்கொண்டே நின்றார். இத்தனை கனமான தகடு இப்போது எங்கேயும் கிடையாதாம். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை கண்ணு, அவ்வளவு சந்தோஷம்.

அண்ணன்,
வேலுமணி


செங்காட்டுப்புதூர்
11.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

ஜெரோம் வந்தபோது உங்கள் மாப்பிள்ளை சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அத்தையும்தான். "அண்ணன் வரலீங்களா, தட்டு எங்கீங்க" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று கதவை மறித்து நின்றேன். அத்தைதான், "எடுத்துட்டுப் போகட்டும் அம்மணி, அவங்க ஊட்டுச் சாமானை நாம தடுக்கலாமா?" என்று சொல்லி, உள்ளே இருந்த வெங்காய விதையைத் தன் கையாலேயே அள்ளி வெளியே வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

படுக்க வைத்துத் தார்ப்பாய் மூடிப் போயிருந்தால் தீவன மூட்டை என்று நினைத்திருப்பார்கள். ஊர் நடுவே நிற்க வைத்துக் கொண்டுபோனீர்கள். கோயிலில் இருந்து வந்த அத்தனை பேரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்களாம்.

மறுநாள் காலையில் அத்தை என் சீர்ப் பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் துலக்கி, வாசலில் பாய் விரித்து வரிசையாக அடுக்கினார். கட்டில், பீரோ எல்லாம் வெளியே வந்துவிட்டன. "மிச்சத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு கண்ணு. ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணை உட்டா அவங்களுக்கும் ரெண்டு வண்டி வாடகை." கோபமாகச் சொல்லவில்லை அண்ணா, கஞ்சி குடிக்கிறாயா என்று கேட்கிற குரலில் சொன்னார். உங்கள் மாப்பிள்ளை அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார், வருகிறார்.

ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லியாகிவிட்டது. ஆடியில் பேச வேண்டாம், ஆவணி பிறந்த முதல் ஞாயிறு உட்காரலாம் என்றிருக்கிறார்கள். அதற்குள் ஃபிரிட்ஜைத் திரும்பக் கொண்டுவந்து ஆசாரத்தில் நிறுத்துங்கள். நீங்களே வாருங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கை,
அன்புக்கரசி


சரவணம்பட்டி
2.8.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. உன் அண்ணிக்கு மறுபடியும் முட்டி வீங்கி டாக்டர், ஸ்கேன் என்று அலைச்சல்.

நீ எதற்கெடுத்தாலும் பயந்துகொள்கிறாய். பாத்திரத்தை வாசலில் வைத்தால் வெயில் பட்டுப் பளபளப்பாகும், அவ்வளவுதான். மாப்பிள்ளை தங்கமானவர். ஆடி போனால் எல்லாம் சரியாகிவிடும்.

இப்போது கொண்டுவா என்றால் எப்படிக் கொண்டுவருவது? கலீல் பாய் அதைப் பிரித்துப் பரப்பி வைத்திருக்கிறார். அடித்தகடு துருப்பிடித்து இற்றுவிட்டது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து டிங்கரிங் நடக்கிறது. கதவு ரப்பர் எந்தக் கடையிலும் இல்லை, அளவு கொடுத்து வார்க்கச் சொல்லியிருக்கிறோம். கைப்பிடி குரோம் பூசப் போயிருக்கிறது. பழைய பெயிண்ட்டைச் சுரண்டியதில் அடியில் வெண்ணெய் நிறம் வந்தது. அதே நிறத்தைக் கலந்துகொண்டிருக்கிறார். அவசரப்பட்டால் காரியம் கெட்டுப்போகும்.

பாயும் உன்னை விசாரித்தார். "தங்கச்சிக்குத் தெரியுங்களா, எப்பத் திருப்பி அனுப்பறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாம் தெரியும், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தைரியமாக இரு.

அண்ணன்,
வேலுமணி


செங்காட்டுப்புதூர்
6.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு எப்படி இருக்கிறது?

எனக்கு வெறும் பெட்டி போதும். உள்ளே மோட்டார் வேண்டாம், ரப்பர் வேண்டாம், கைப்பிடி வேண்டாம். கதவு இல்லாவிட்டால் சேலையைக் கொண்டு மூடி வைத்துக்கொள்கிறேன். பத்து வருஷமாக அது ஓடவில்லை என்று யாரும் கவலைப்படவில்லை. அது அந்த மூலையில் நின்றால் நான் இந்த வீட்டில் இருப்பேன். நிற்காவிட்டால் இருக்க மாட்டேன். இதைவிட எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளகோவிலில் இருந்து அந்தப் பெண் நேற்று வந்திருந்தாள். சஷ்மிதாவுக்கு வளையல் வாங்கி வந்து தன் கையாலேயே போட்டுவிட்டாள். அத்தை என்னைத்தான் காபி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

பதினெட்டாம் தேதி ஞாயிறு. காலை பத்து மணிக்கு பால் சொசைட்டியில் உட்காருகிறார்கள். முதல் நாள் சனிக்கிழமையாவது வந்துவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன் அண்ணா.

அன்புக்கரசி


சரவணம்பட்டி
14.8.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமாக இருக்க வேண்டும்.

சந்தோஷமான சேதி. ஃபிரிட்ஜ் ஓடுகிறது கண்ணு. சுவிட்சைப் போட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியது பார், பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் தட்டில் ஐஸ் கட்டியது. வெண்ணெய் நிறம், வெள்ளிக் கைப்பிடி. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஓட்டல்காரரும் வந்துவிட்டார். பார்த்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவருடைய புது ஓட்டல் ஆவணியில் திறக்கிறது. நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பொருள் வேண்டுமாம். கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்திருக்கிறேன். முன்பணமும் தந்துவிட்டார், பெரிய மனிதர், முகத்தில் அடித்தாற்போலத் திருப்பிக் கேட்க முடியாது. இந்த மாதிரி சாமானுக்கு ஒரு கதை இருந்தால்தான் மதிப்பு என்றார். நானும் நம் கதையைச் சொன்னேன். "ஒரு டிரைவர் தன் மகளுக்குத் தந்த கல்யாணச் சீர்" என்று பக்கத்தில் பலகை எழுதி வைக்கப் போகிறார்.

திறப்பு விழாவுக்கு உன்னையும் அழைத்துவரச் சொன்னார். கல்யாணக் கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றால் ஒரு போட்டோ எடுத்து மாட்டலாமாம். பஸ் செலவு அவருடையது. யோசித்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை என்னை எதிர்பார்க்காதே. உன் அண்ணியின் அம்மா ஊரில் இருந்து வருகிறார். பெரியவர்களிடம் நீயே பணிவாக எடுத்துச் சொல். உனக்குத்தான் பேசத் தெரியுமே.

அண்ணன்,
வேலுமணி


செங்காட்டுப்புதூர்
21.8.2024

அண்ணனுக்கு,

நலமா? அண்ணியின் அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பக்கம் இருபது பேர் இருப்பார்கள். என் பக்கத்தில் பால் கேன்கள் இருந்தன. சஷ்மிதாவைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லியும் அத்தை கூட்டிவந்து தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய பெண்ணை.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது உங்கள் மாப்பிள்ளையின் பெரியப்பா, வயசாளி, ஒரு கேள்வி கேட்டார். "அம்மணி, பொறந்த ஊட்ல சொல்லிப்போட்டுச் சீரைத் திருப்பி எடுத்தாங்களா, இல்ல கேக்காம கொள்ளாமத் தூக்கிட்டுப் போனாங்களா? சொல்லி எடுத்தா உறவு தீந்துபோச்சு, நீயும் போக வேண்டியதுதான். கேக்காம எடுத்தா அது களவுங்க. களவுக்கு ஊட்டுப் பொம்பளையை அனுப்ப முடியாது. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கவில்லை அண்ணா. களவுங்க என்றேன். எங்கள் அண்ணன் யாரையும் கேட்காமல், வீட்டுக்காரர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன். சொல்லும்போது நாக்கு கூசவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை முகம் சுண்டிப்போய்விட்டது, தானே எடுத்துப் போகச் சொன்னதைச் சபையில் சொல்ல முடியுமா? ஆனால் பிடியை விடவில்லை. "அப்படீன்னா ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கட்டுங்க, நம்பறோம்" என்றார். அன்று சாயங்காலமே உங்கள் மாப்பிள்ளையோடு போய் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் எழுதியிருந்த அந்த ஓட்டலின் விவரத்தையும் சொன்னேன்.

கட்டிலும் பீரோவும் உள்ளே வந்துவிட்டன. சஷ்மிதா என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள்.

அன்புக்கரசி


சரவணம்பட்டி
8.9.2024

அன்புக்கரசிக்கு,

நாங்கள் நலமாக இல்லை. உன் அண்ணி படுத்த படுக்கை.

ஓட்டல் திறப்பு விழா அன்று, ரிப்பன் வெட்டிய கையோடு போலீஸ் வந்தது. கூட உன் புருஷன் சென்னியப்பன். பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜாமீனில் வந்திருக்கிறேன். ஓட்டல்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கலீல் பாய் தன்னிடம் இருந்த என் கிடங்குச் சாவியைத் திருப்பித் தந்துவிட்டார். "தங்கச்சிக்குத் தெரியும்னு எங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டீங்களே" என்றார்.

ஃபிரிட்ஜ் எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் ஸ்டேஷன் வாசலில், பிடிபட்ட மணல் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில், மழையில் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். கதவு இடுக்கில் துரு கட்டிவிட்டது. ஒரு போலீஸ்காரர் அதன்மேல் சட்டையைக் காயப்போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எடுத்துப் போய்ச் சரிசெய்யுங்கள், எனக்குச் சம்மதம்" என்று நீ கைப்பட எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டினால் கேஸ் நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். அதற்கு முன் உனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன். நீயாகவே போய்ப் புகாரை வாபஸ் வாங்கிவிடு.

வேலுமணி


செங்காட்டுப்புதூர்
12.9.2024

அண்ணனுக்கு,

அண்ணி சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும். மனதாரச் சொல்கிறேன்.

நான் வாபஸ் வாங்கினாலும் நீங்கள் கடிதத்தைக் காட்டினாலும் எனக்கு ஒன்றுதான். சொல்லித்தான் எடுத்தார்கள் என்று ஆகிவிடும். அன்று சாயங்காலமே நான் வெளியே நிற்பேன். சஷ்மிதா உள்ளே நிற்பாள். வெள்ளகோவில்காரி ஒரு துணிப்பையை இங்கே வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

நீங்கள் திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குக் கேஸ் வருஷக் கணக்கில் நடக்கும், அவமானம், செலவு, எல்லாம் தெரியும். அதெல்லாம் என்றைக்காவது ஒரு நாள் முடியும். என் மகளுக்குப் பதினோரு வயது. இப்போது போனால் எனக்கு அவள் இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் கேட்கிறேன். எனக்காகத் திருடனாக இருங்கள் அண்ணா. அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அன்புக்கரசி


சரவணம்பட்டி
28.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் அண்ணி எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள்.

கடிதத்தை வியாழக்கிழமை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். எனக்கும் வேறு வழி இல்லை கண்ணு, நாளைக்குப் பத்துப் பேர் என்னை நம்பிச் சாமான் கொடுக்க வேண்டும். உன்மேல் பொய்ப் புகார் என்று ஏதும் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று நானேதான் கேட்டுக்கொண்டேன். ஃபிரிட்ஜ் இன்னும் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். துருவைச் சுரண்டினால் சரியாகிவிடும்.

நம் வீட்டில் இப்போது இடமில்லை. உன் அண்ணியின் அம்மா வந்து ஒரு அறையில் படுத்திருக்கிறார், உனக்கே தெரியும். திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லையாம். குழந்தையைப் பற்றி வக்கீலிடம் பிறகு கேட்டுப் பார்க்கலாம், இப்போது அவசரப்பட வேண்டாம்.

அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான், குழந்தைகளோடு வருகிறவர்களைச் சேர்ப்பதில்லையாம். உனக்கு அந்தச் சிரமம் இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
வேலுமணி